மன்னார் வளைகுடா பவளம்: வீடியோவை எவ்வளவு நம்பலாம்?

எங்க திருக்கடையூர் பக்கம் சம்பா அறுவடையோடு ஒரு சண்டையும் வரும். பயிர் காப்பீட்டுக்காக 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அறுத்து, எடை போட்டு, ஊர் மகசூலைக் கணக்கிடுவார்கள். "எடை தப்பு" என்று யாராவது சொன்னால் மறுபடி பார்க்க வழியில்லை. வயலில் தாள்தான் நிற்கும்.

பவளப்பாறைக் கணக்கெடுப்பும் ரொம்ப காலம் இப்படித்தான் நடந்தது. டைவர் பாறை மேல் அளவு நாடாவை விரிப்பார். நாடாவுக்குக் கீழே உயிருள்ள பவளம் எவ்வளவு, செத்தது எவ்வளவு, மணல் எவ்வளவு என்று பலகையில் எழுதுவார். 20 மீட்டரில் 6 மீட்டர் உயிர்ப்பவளம் என்றால் 30 சதவீதம். மேலே வந்தபின் மிஞ்சுவது அந்தப் பலகைதான்.

வீடியோ வந்ததும் இது மாறியது. அடித்தரைக்குச் சுமார் அரை மீட்டர் உயரத்தில் கேமராவை நகர்த்தி, பிறகு பிரேம் பிரேமாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் சில புள்ளிகள் போட்டு, அவற்றின் கீழே இருப்பதைக் குறிக்கிறார்கள். கிரேட் பேரியர் ரீஃபில் 1990களில் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். பிறகு ஸ்டில் படங்களுக்கு மாறினார்கள். நம் நாட்டில் சென்னை தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'ப்ரூவ்' என்ற ரோபோ அந்தமான் பவளப்பாறைகளைப் படம் பிடித்தது. இதையெல்லாம் படித்தால் கேமராவே எண்ணிவிடும் என்று தோணும். எண்ணாது.

முதல் குறை, கோணம். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு மேசை மாதிரி விரிந்த பவளத்தின் அடியில் இருப்பது தெரியாது. விரல் நுனி அளவுக் குஞ்சுப் பவளமும் தப்பிவிடும். தண்ணீர் கலங்கினால் இன்னும் மோசம்.

இரண்டாவது, கணக்கு. 40 பிரேம், பிரேமுக்கு 5 புள்ளி, மொத்தம் 200 என்று வையுங்கள். 30 சதவீதம் என்று விடை வந்தால், உண்மை 24 முதல் 36 வரை எங்கேயும் இருக்கலாம். ஒரே பிரேமின் புள்ளிகள் ஒரே பவளத்தின் மேல் விழுவதால் நிஜப் பிழை இதைவிடக் கூடும். பிழையை 2 சதவீதப் புள்ளிக்குள் கொண்டுவர ஏறக்குறைய 2,000 புள்ளிகள் வேணும்.

இது ஏன் முக்கியம்? 2016இல் கடல் சூடாகி மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்தது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுப்படி உயிர்ப்பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகக் குறைந்தது. இவ்வளவு பெரிய சரிவு எந்த முறையிலும் தெரியும். ஆனால் மீட்சி மெதுவானது, வருஷத்துக்கு ஓரிரு சதவீதம்கூட இருக்கலாம். நடுவில் நாடாவிலிருந்து வீடியோவுக்கு மாறினால், வரைபடத்தில் ஏறுவது பவளமா, முறையா என்று யாருக்கும் தெரியாது. மாறுகிற காலத்தில் ஒரே இடத்தை இரண்டு முறையிலும் அளக்கணும்.

அப்போ வீடியோ வேண்டாமா? வேணும். ஆனால் அதன் பலம் துல்லியம் இல்லை, மறுபடி எண்ண முடிவதுதான். வெள்ளையாகத் தெரிந்த பவளம் வெளுத்ததா, செத்ததா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சண்டை போடலாம். பத்து வருஷம் கழித்துப் புது மென்பொருளும் பார்க்கலாம். அதற்கு மூலப்பதிவு இடம், ஆழம், தேதியோடு பத்திரமாக இருக்கணும், கேட்பவருக்குக் கிடைக்கணும். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் அழித்துவிட்டு சதவீதத்தை மட்டும் வெளியிட்டால், செலவு பண்ணி நாமும் தாளைத்தான் பார்த்துக்கொண்டு நிற்போம்.