மெய்ப்பாட்டு நோக்கில் மூன்று தமிழ்த் திரைப்படங்கள்

பாரிசின் லா சப்பல் பகுதியில் வளரும் ஈழத்தமிழரின் இரண்டாம் தலைமுறையினர், பெற்றோர் போற்றும் பழைய தமிழ்ப் படங்களைக் காணுங்கால் எழுப்பும் வினா, 'இஃது எவ்வகைப் படம்?' என்பதாகும். 'ழான்ர்' என்னும் பிரெஞ்சுச் சொல் குறிக்கும் வகைமை, பெரும்பாலும் ஒரு படத்துக்கு ஒரு வகையையே எதிர்பார்க்கிறது. அவ்வளவுகோலில், நகையும் அழுகையும் அச்சமும் ஒருங்கமைந்த தமிழ்ப்படம் கட்டுக்கோப்பற்றதாகவே தோன்றும். கா. சிவத்தம்பி, எம்.எஸ்.எஸ். பாண்டியன் ஆகியோர் தமிழ்த்திரையின் அரசியலை ஆழ்ந்து ஆராய்ந்தனர். அதன் சுவையமைதிக்கும் அத்தகைய ஆய்வு தேவை.

தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்கிறது. மெய்ப்பாடு காண்போரிடத்தே நிறைவுறுவது என்னும் செயிற்றியனார் கருத்தை இளம்பூரணர் எடுத்துக்காட்டுகிறார். இக்கருத்து, பாத்திரத்தின் உணர்வையும் காண்போர் உணர்வையும் வேறுபடுத்தி நோக்க வழிசெய்கிறது.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) நகைச்சுவைப் படம். அதில் நாகேஷ், தந்தையாக வரும் பாலையாவுக்குத் திகில்கதை சொல்கிறார். குரலும் உடலசைவுமே அவருடைய கருவிகள். அச்சம் பாலையாவின் முகத்தில், நகை நம்மிடத்தில். அவ்வச்சம் மெய்யாகத் தோன்றாவிடின் நகை பிறவாது. ஆகவே இரு சுவைகளும் இங்குக் கலக்கவில்லை. ஒன்று மற்றொன்றை ஈனுகிறது.

எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) பாடலின்மைக்காகவே பெரிதும் பாராட்டப்படுகிறது. அதன் ஆற்றலோ வேறிடத்தில் உள்ளது. விசாரணையின்போது உஷாவின் துயரை, கணவனை இழந்தவளின் அழுகையாக மட்டுமே காண்கிறோம். ஜப்பானியருக்கு உளவு சொன்ன ராஜன் அவள் துப்பாக்கியாலேயே மடிந்தான் என்பது தெரிந்தபின், அதே அழுகைக்குள் பெருமிதமும் புலப்படுகிறது. துப்பறியும் கதை முடியவேண்டிய இடத்தில் இப்படம் ஆழம் பெறுகிறது.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) குடும்பத் துன்பியல். இறுதியில் ஊராரின் வெகுளி சுந்தரவடிவேலுவை ஆற்றுக்குள் இறங்கச் செய்கிறது. அதுவரை அவனை வெறுத்த நாம், அவன் குழந்தைகளைக் கண்டதும் அவ்வெகுளியில் பங்கேற்க இயலாமற் போகிறோம்.

மூன்றும் வெவ்வேறு வகைமையின. எனினும் திரையில் நிகழும் உணர்வுக்கும் நம்முள் விளையும் உணர்வுக்கும் இடைப்பட்ட தொலைவே மூன்றின் கலைநுட்பம். இவ்வளவுகோல் எல்லாக் கலவையையும் ஏற்பதன்று. கதையோடு உறவின்றி ஒட்டப்பட்ட நகைச்சுவைப் பகுதிகளை இதுவே விலக்கும். புலம்பெயர் வகுப்பறைகளில் 'எவ்வகைப் படம்?' என்பதற்கு முன், 'திரையில் உணர்வது யார், நாம் உணர்வது யாது?' என வினவப் பயிற்றுவோமாயின், இப்படங்கள் பெற்றோரின் நினைவுப்பொருளாக மட்டும் எஞ்சா. அடுத்த தலைமுறையின் கலைச்செல்வமுமாகும்.