சும்மா இருக்காத ராம்

லினக்ஸ் சர்வரில் முதன்முதலாக ‘ஃப்ரீ’ கட்டளையைக் கொடுத்துப் பார்க்கிறவர்களுக்குப் பகீரென்று இருக்கும். 16 ஜிபி ராமில் காலியாகக் காட்டுவது சில நூறு எம்பிதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது, பக்கத்தில் ‘பஃப்/கேஷ்’ என்ற பத்தியைக் கவனிக்கும்வரை.

ஹார்டு டிஸ்கிலிருந்து ஒருமுறை படித்த கோப்பை லினக்ஸ் உடனே தூக்கி எறிவதில்லை. யாருக்கும் தேவைப்படாத ராமில், வழக்கமாக 4 கேபி பக்கங்களாக, பத்திரமாக வைத்துக்கொள்கிறது. அதுதான் அந்த ‘கேஷ்’. பெரிய லாக் கோப்பு ஒன்றில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். முதல் தடவை டிஸ்க் விளக்கு விடாமல் மினுக்கும். அதே தேடலை மறுபடி கொடுங்கள், விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் விடை வந்து நிற்கும். விளக்கு அசையாது.

லினக்ஸின் விட்டுக்கொடுக்கும் குணம் எனக்கு இன்னும் பிடிக்கும். ஏதாவது நிரல் இடம் கேட்டால், நெடுநேரம் யாரும் தொடாத பக்கங்களைப் பார்த்துக் காலி செய்து தருகிறது. மாற்றம் செய்த பக்கமென்றால் மட்டும் முதலில் டிஸ்கில் எழுதிவிடும். எவ்வளவு பொறுப்பு!

இப்படி விட்டுக்கொடுக்கக்கூடியதையும் சேர்த்து நிரல்களுக்கு எவ்வளவு ராம் கிடைக்கும் என்று சொல்லும் ‘அவைலபிள்’ கணக்கும் 2014-இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து கிடைக்கிறது. இரவுதோறும் கேஷைத் துடைக்கும் வழக்கமிருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். ‘அவைலபிள்’ பத்தியைப் பாருங்கள், அது போதும்.