சிறு பொம்மைக்கு வண்ணம் தீட்டும் கை

கலை விமர்சனம் என்றால் கவிதையும் நாவலும் நாடகமும்தான் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பெருவிரல் உயரம்கூட இல்லாத ஒரு விளையாட்டுப் பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது விமர்சனத்துக்குரிய பொருளா என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால் மனிதன் எதன்மேல் தன் உழைப்பையும் கவனத்தையும் செலுத்துகிறானோ, அங்கே அவன் வாழும் சமுதாயமும் தன் முகத்தைக் காட்டிவிடுகிறது. பொம்மை சிறிதாயினும் அது எழுப்பும் கேள்வி சிறிதன்று. ஒரே கைவேலை ஒருவனுக்குப் பொழுதுபோக்காகவும் மற்றொருவனுக்குப் பிறப்போடு வந்த கடமையாகவும் அமைவது ஏன்?

1913இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், ஈயச் சிப்பாய்களைத் தரையில் அணிவகுத்துப் போர் ஆடும் முறையை விளக்கிச் ‘சிறு போர்கள்’ என்னும் நூலை வெளியிட்டார். உண்மைப் போரைவிடப் பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்பது சோசலிசவாதியான அவருடைய வாதம். அடுத்த ஆண்டே ஐரோப்பா உண்மைப் போரில் இறங்கியது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டனர். 1983இல் பிரித்தானியாவின் கேம்ஸ் வொர்க்ஷொப் நிறுவனம் ‘வார்ஹாமர்’ விளையாட்டைக் கொண்டுவந்தது. சிப்பாய்கள் நின்ற இடத்தில் மந்திரவாதிகளும் பூதங்களும் வந்து நின்றார்கள்.

இவ்விளையாட்டுகளுக்குரிய பொம்மைகள் பெரும்பாலும் வண்ணமின்றியே கடைக்கு வருகின்றன. ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் உயரமுள்ள அவ்வுருவத்தின் ஈட்டியும் சிறகும் சிறிது அழுத்தினாலே ஒடியும். வாங்கியவன் முதலில் அச்சு விட்ட விளிம்புத் தழும்புகளைக் கத்தியால் சுரண்டுகிறான். அடிப்பூச்சு இட்டுக் காயவைக்கிறான். நீர்விட்ட வண்ணத்தை மெல்லிய படலங்களாக ஏற்றுகிறான். பிறகு ஆடை மடிப்புகளில் கருஞ்சாயம் இறங்கி நிழலாகிறது. ஈரம் ஒற்றிய தூரிகை மேடுகளைத் தொட்டுச் செல்ல அவை ஒளி பெறுகின்றன. கண்ணுக்குரிய புள்ளியை வைக்கும்போது மூச்சையும் அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு சிறு உருவத்துக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் செலவாகலாம்.

இதை வீண் வேலை என்று தள்ளுவதற்கில்லை. தொழிலாளியின் படைப்பு அவனுக்கே அந்நியமாகிவிடுகிறது என்று மார்க்ஸ் காட்டினார். நாள் முழுதும் அலுவலகத்திலும் ஆலையிலும் பிறர் கணக்குக்கு உழைக்கும் மனிதன், தொடக்கம் முதல் முடிவு வரை தன் கையாலேயே நிறைவுறும் ஒரு பொருளுக்கு ஏங்குவது இயல்பே. எளிதில் ஒடியும் ஒன்றை ஒடியாமல் காக்கும் பொறுமை மனிதப் பண்பை வளர்ப்பதும் உண்மையே. ஆயினும் அந்தச் சுதந்திரத்துக்கு எல்லை உண்டு. உருவத்தையும் அதன் கதையையும் விலையையும் நிறுவனம் தீர்மானித்துவிட்டது. வண்ணம் மட்டுமே வாங்குபவன் வசம் விடப்பட்டிருக்கிறது.

அந்தக் கதையையும் ஆராய வேண்டும். ‘ஓர்க்’ என்னும் இனத்தார் பிறப்பிலேயே கொடியவர்கள் என்பது இக்கற்பனை உலகின் நெடுங்கால விதியாக இருந்தது. ஓர் இனம் முழுவதையும் பிறப்பைக் கொண்டு தீயதென முடிவுகட்டும் வழக்கத்துக்கு எதிராகக் குரல்கள் எழுந்தன. 2020இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியீட்டாளர்கள் இச்சித்திரிப்பை மாற்றுவதாக அறிவித்தனர். 2022இல் ‘இனம்’ என்ற சொல்லையே கைவிடுவதாகக் கூறினர். பிறப்பே குணத்தைத் தீர்மானிக்கும் என்ற கொள்கை நமக்குப் புதியதா என்ன? அதன் பெயர் நம் ஊரில் சாதி.

இனி நம் மண்ணுக்கு வருவோம். பல்லேகம அமைந்துள்ள அதே மாத்தளை மாவட்டத்தில் பல்லே ஹப்புவித என்றொரு கிராமம் உண்டு. அரக்கு வேலைக்குப் புகழ்பெற்ற ஊர் அது. அங்கே தூரிகைக்கு வேலையில்லை. வண்ணம் கலந்த அரக்கைத் தணலில் இளக்கி, நூல்போல இழுத்து, மரப் பொருளின்மேல் படியவைத்துப் பெருவிரல் நகத்தால் துண்டிக்கிறார்கள். அதனாலேயே சிங்களத்தில் அதற்கு ‘நியபொது வேலை’ என்று பெயர்; ‘நிய’ என்றால் நகம். சாதிலிங்கச் சிவப்பும் அரிதார மஞ்சளும் கருமையும் பச்சையும் விசிறிக் காம்பிலும் ஊன்றுகோலிலும் ஏட்டுச் சுவடியின் சட்டத்திலும் கொடியாய் ஓடும். சூடு தணிந்தால் அரக்கு இறுகி முறிந்துவிடும். ஆகவே தயங்கவும் நேரமில்லை. நொட்டிங்ஹாம் பொம்மைக்கு வண்ணம் தீட்டுபவனின் கவனத்துக்கு இக்கவனம் எவ்விதத்தில் குறைந்தது?

இக்கலையின் பெருமையை உலகறியச் செய்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் அவருடைய பெருநூல், சோசலிசக் கலைஞர் வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சேறியது. இயந்திரச் சரக்கு கைவினைஞனை அழிப்பதை அவர் கண்டித்தது நியாயமே. ஆனால் சாதியோடும் ராஜகாரியச் சேவையோடும் பிணைந்த பழைய ஒழுங்கை அவர் இலட்சியமாக்கியதை நாம் ஏற்க இயலாது. தகப்பன் செய்த வேலையையே மகனும் செய்தாக வேண்டும் என்ற நிலையில் கைத்திறன் பிழைக்கலாம். மனிதனின் விருப்பம் பிழைக்காது. ராஜகாரியம் 1832இல் சட்டப்படி ஒழிந்தும், கைவேலையைத் தாழ்வாக எண்ணும் மனம் ஒழிந்தபாடில்லை.

ஆகவே இரு பக்கமும் குறை உண்டு. அங்கே விருப்பத்தோடு செய்யும் வேலை நிறுவனத்தின் கற்பனைக்குள் அடங்கிக் கிடக்கிறது. இங்கே மக்களின் சொந்த மரபு பிறப்பு என்னும் விலங்கைச் சுமந்து வந்திருக்கிறது. விருப்பமும் சொந்தக் கதையும் ஒருங்கே கூடும்போதுதான் சிறு பொம்மை கலையாகும்.

இப்பணி ஆசிரியர்கள் கையில் இருக்கிறது. மொரகஹகந்த – களு கங்கைத் திட்டத்தால் பழைய பல்லேகம நகரம் நீர்த்தேக்கத்துக்கு இடம்விட்டது; லக்கலைப் புதிய நகரம் 2018இல் திறக்கப்பட்டது. இடம்பெயர்ந்த ஊரின் பிள்ளைகளுக்குச் சொல்ல எத்தனை கதைகள் இருக்கும்! மாத்தளைத் தோட்டங்களில் கொழுந்துக் கூடை சுமந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு எத்தனை இருக்கும்! சித்திர வகுப்பில் களிமண்ணையும் நான்கு வண்ணங்களையும் கொடுங்கள். வயலை விட்டுப் பெயர்ந்த உழவனையும் கூடைக்காரியையும் அவர்கள் பெருவிரல் அளவில் வனையட்டும். அவ்வுருவங்களை வைத்துத் தாங்களே விதி வகுத்து விளையாடட்டும். சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து ஆடட்டும். அரக்கு வேலை தெரிந்த முதியவர் எந்தச் சாதியினராயினும் அவரை ஆசிரியராக மதித்து அவ்வகுப்புக்கு அழையுங்கள். கற்க விரும்பும் எந்தப் பிள்ளைக்கும் அந்நகத்தின் வித்தை உரியதாகட்டும்.