கானிகோபொலி என்கிற என் தாத்தா

இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் ஜி.ஆர்.ஈ. பரீட்சைக்காக அரிய ஆங்கிலச் சொற்களை அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்தேன். கம்பத்துக்காரனுக்கு இங்கிலீஷ் வராது என்று நினைப்பவர்களை, அவர்களுக்கே தெரியாத வார்த்தையால் அடிக்க வேண்டும் என்கிற வீம்பு. கடைசியில் பரீட்சை எழுதவே இல்லை. சொற்கிறுக்கு மட்டும் மிச்சம். அதுதான் என்னை ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதியிடம் கொண்டுபோய் விட்டது.

இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் புழங்கிய சொற்களின் தொகுப்பு இது. 1886இல் வெளியானது. தொகுத்தவர்கள் இருவர்: வங்காளத்தில் ராணுவ இன்ஜினியராக இருந்த ஹென்றி யூல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ.சி. பர்னெல். புத்தகம் வரும் முன்பே, 1882இல், பர்னெல் இறந்துவிட்டார். தலைப்பே தப்பாகக் காதில் விழுந்த ஒன்றுதான். முஹர்ரம் ஊர்வலத்தின் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்கிற ஓலத்தை வெள்ளைச் சிப்பாய்கள் அப்படிக் கேட்டார்கள். ஒரு துக்கம் வேடிக்கைப் பெயராகிவிட்டது.

‘கானிகோபொலி’ என்று ஒரு சொல். இன்று எந்த ஆங்கிலேயருக்கும் இது தெரியாது. உச்சரித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது, கணக்கப்பிள்ளை! வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் என் தாத்தா பார்த்த வேலை. அப்பத்தாவிடம் சொன்னேன். “உந்தாத்தாவ எல்லாரும் கணக்கப்பிள்ளைன்னுதேன் கூப்புடுவாக. பேரச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது” என்றது. ஆங்கிலத்தில் செத்த சொல், எங்கள் வீட்டில் ஒரு மனுசனின் பெயரையே தின்றுவிட்டு உயிரோடு இருக்கிறது.

புரட்டப் புரட்ட இதே கதைதான். ‘டோப்’ என்றால் தோப்பு. ‘சௌல்ட்ரி’ என்றால் சாவடி. ‘பாலிகார்’ என்றால் பாளையக்காரர். போடிநாயக்கனூர் ஒரு காலத்தில் பாளையம். ‘டப்பால்’ தபால்தான்; அதன் மூலம் தெளிவாகவில்லை என்று அகராதியே ஒப்புக்கொள்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் யார், எந்த வருடம், எப்படி எழுதினார்கள் என்று வரிசையாக மேற்கோள் தருவதும் பிடிக்கும். கோடு எழுதுகிறவனுக்கு இது பழகிய சங்கதி: எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்கிற பதிவு.

ஆனால் அந்தப் பதிவில் யாருடைய கை இருக்கிறது? மேற்கோள்களில் பெரும்பாலும் பாதிரி, வியாபாரி, கலெக்டர், பயணி. கணக்கப்பிள்ளையைப் பற்றி அவரை வேலைக்கு வைத்தவர்கள் பேசுகிறார்கள், கணக்கப்பிள்ளை பேசுவதில்லை. தமிழிலிருந்து போன சொற்களை எண்ணிப் பார்த்தாலும் இது தெரியும். சுண்ணாம்பு, காசு, சுருட்டு, மிளகுத்தண்ணீர், கஞ்சி. ‘கஞ்சி ஹவுஸ்’ என்றால் பட்டாளத்துச் சிறை. வாங்கவும் தின்னவும் ஏவவும் அடைக்கவும் தேவைப்பட்ட சொற்கள். ஆதங்கம், வைராக்கியம் மாதிரியான சொற்களுக்கு அவர்களுக்குத் தேவை வரவில்லை. இந்த அகராதியை ‘இரண்டு பண்பாடுகளின் சந்திப்பு’ என்று புகழ்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை. சந்திப்பு என்றால் இரண்டு பேரும் பேசியிருக்க வேண்டும்.

கி.ரா. தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி ஞாபகம் வருகிறது. அங்கே சொல்லை எழுதுகிறவரும் சொல்லில் வாழ்கிறவரும் ஒரே ஊர். நமக்கு இன்னொன்றும் வேண்டும்: நாம் அவர்களைத் தப்பாகக் கேட்டதற்கு ஒரு அகராதி. இலங்கை மலையகத்தில் தொழிலாளர்களைக் காலையில் வரிசையில் நிறுத்தி ஆள் எடுப்பதற்குப் பெயர் பெரட்டு. ‘பரேட்’தான் அப்படி ஆனது. அந்தச் சொல்லில் பனியும் குளிரும் பயமும் இருக்கிறது; எந்த ஆங்கில அகராதியும் அதைச் சொல்லாது. விடிவதற்கு முன் கம்பத்திலிருந்து ஜீப்பில் நெருக்கிக்கொண்டு மலையேறும் பெண்களிடமும் இப்படிச் சொற்கள் இருக்கும். யாராவது போய்க் கேட்க வேண்டும்.

என் அட்டைகளை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு காலி அட்டையில் கணக்கப்பிள்ளை என்று எழுதினேன். பின்பக்கம் அர்த்தம் எழுத வேண்டிய இடத்தில், தாத்தாவின் பெயரை எழுதினேன்.