கிரீஸ் கன்னும் புது புஷ்ஷும்

“சிலோன்காரங்க காருக்கு அடியில ரப்பரைவிட கிரீஸ்தான் சார் அதிகம்.”

கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூரிலிருந்து ஈப்போ வந்திருந்த ஒருவர், சிலிபின் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். லிஃப்டில் ஏறி நின்றது ஒரு பழைய புரோட்டோன் சாகா. சொந்தக்காரர் மூன்று தலைமுறையாகத் தைப்பிங்கில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். முன்பக்க ஸ்டெபிலைசர் பார் புஷ் இரண்டும் கரிய களிம்பில் முங்கிக் கிடந்தன. சிரிக்க இடமில்லை என்று சொல்ல முடியாதுதான். ஆனால் சிரித்தவருடைய ஊரில் அதே புஷ்ஷை என்ன செய்கிறார்கள் என்று யாராவது திருப்பிக் கேட்டிருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.

விஷயம் சின்னது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது கார் ஒரு பக்கம் சாயும். அந்தச் சாய்வைக் குறைக்க, இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரு வளைந்த எஃகுக் கம்பி இணைக்கிறது. ஒரு சக்கரம் மேலே ஏறினால் கம்பி முறுக்கிக்கொண்டு மற்றதையும் தன்னோடு இழுக்கும். கம்பியை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்து வைப்பவை இரண்டு ரப்பர் கட்டிகள். அவற்றின் மேல் தகடு ஒன்றைக் கவிழ்த்து போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். தமிழ்நாட்டில் அது ஸ்டெபிலைசர் புஷ். இலங்கையில் புஸ். மலேசியாவில், ஈப்போ இருக்கும் பேராக்கில், பாதிப் பேர் மலாய்ச் சொல்லைப் பிடித்து, “அந்த கெத்தா போயிருச்சு” என்பார்கள். ரப்பர் மரத்துப் பாலுக்கும் அதே கெத்தாதான்.

புஷ் தேய்ந்தால் பம்ப்பில் ஏறி இறங்கும்போது அடியில் டக் டக் என்று அடிக்கும். காய்ந்தால் கிரீச்சிடும். கிரீச் என்றால் கிரீஸ் என்று கை தானாகப் போகிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதில்தான் இரண்டு கரைக்காரர்களும் பிரிகிறார்கள்.

இலங்கையில், குறிப்பாக யாழ்ப்பாணத்தில், கிரீஸ் அடிக்கும் பழக்கத்துக்கு வேர் மோரிஸ் மைனர். 1948-இல் வந்த கார். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்தது. அதில் ஸ்டெபிலைசர் பாரே கிடையாது. இருந்தது, முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் ஸ்விவல் பின். அதில் கிரீஸ் நிப்பிள். 3,000 மைலுக்கு ஒருமுறையாவது அதில் கிரீஸ் ஏற்றியாக வேண்டும். விட்டால் மரை தேய்ந்து ஒருநாள் சில்லு உள்ளே மடிந்து கார் நடுத்தெருவில் குப்புற உட்கார்ந்துவிடும். (சில்லு என்றால் சக்கரம், கோயம்புத்தூர்க்காரருக்கு வேறு ஏதோ தோன்றும்.) சில்லு மடிந்த காரை ஒருமுறை பார்த்தவன் நிப்பிளைக் கண்டால் சும்மா போவானா?

அதற்கு மேல் சரித்திரம் சேர்ந்துகொண்டது. 1960களில் இலங்கை இறக்குமதியை இறுக்கியது; 1977-இல்தான் கதவு திறந்தது. அதுவரை இருந்த காரைச் சாகவிடாமல் காப்பதே தொழில். வடக்கில் 1990-இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெட்ரோலும் பேட்டரியும் உதிரிப்பாகமும் போவது நின்றது. ஆஸ்டின் ஏ40-களும் கேம்பிரிட்ஜுகளும் கார்புரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு உசுப்பப்பட்டு, மண்ணெண்ணெயில் ஓடின. 2002-இல் ஏ9 பாதை திறக்கும்வரை, உடைந்த ஒரு பாகத்துக்குப் பதில் இன்னொன்று வாங்குவது என்ற எண்ணமே யாழ்ப்பாணத்துக் கராச்சில் பெரும் ஆடம்பரம். உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்வதற்குக் கையில் கிடைத்தது கிரீஸ் கன். இந்தப் பொறுமையை உலகமும் கவனித்தது. இங்கிலாந்தில் பாத் நகரத்து சார்ல்ஸ் வேர், தன் மோரிஸ் மைனர் சென்டருக்கு வேண்டிய பாகங்களை 1990களில் இலங்கையில்தான் செய்வித்தார். மைனர் பிறந்த நாட்டுக்கு மைனரின் பாகம் இலங்கையிலிருந்து கப்பல் ஏறியது.

இந்தப் பழக்கம் அப்படியே ஜப்பான் கார்களுக்கும் வந்துவிட்டதுதான் சிக்கல். கொரோலாவும் சன்னியும் வந்தன. நிப்பிள்கள் போயின, பழக்கம் போகவில்லை. சேர்விஸ் ஸ்டேஷனில் காரைத் தூக்கி, அடியில் தண்ணீர் அடித்துக் கழுவி, கிரீஸ் வைக்க நிப்பிள் இல்லாத இடத்தில் விரலால் வைத்தார்கள். 5,000 கிலோமீட்டர் சேர்விஸுக்கு 5,000 கிலோமீட்டர் கிரீஸ்.

இந்தியாவின் பக்கம் வந்தால், சிரிப்பவர்களின் வீட்டிலும் கிரீஸ் கன் இருந்தது. 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் பிள்ளை. அதன் முன்பகுதியும் நிப்பிள்களை நம்பித்தான் நடந்தது. சென்னைக்காரர்களுக்கு இன்னொரு பாடமும் கிடைத்திருக்க வேண்டும். வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில், முன்சக்கரம் திரும்பும் மூட்டான ட்ரன்னியனுக்கு வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் அது உள்ளே இறுகி, எண்ணெய் போகும் வழியை அடைத்து, கடைசியில் சக்கரத்தைத் தாங்கும் கால் முறியும். எல்லாவற்றுக்கும் கிரீஸ் மருந்தல்ல என்று 1960களிலேயே ஒரு கார் சொல்லிவிட்டது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் இந்தியா வேறு வழியில் போனது. நிப்பிள் இல்லாத கார். அதன் ஸ்டெபிலைசர் பாருக்கு இரட்டை வேலை: சாய்வைக் குறைப்பதோடு, கீழ்க்கையை முன்பின் நகராமல் பிடித்து நிறுத்துவதும் அதுதான். புஷ் தளர்ந்தால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பேராக்கில் ஓடும் பழைய கஞ்சில் காரிலும் இதே ஏற்பாடு என்பதால் ஈப்போ மெக்கானிக்குகளுக்கு இது புதிதல்ல. ஆனால் மாருதிக்குப் பாகம் மலிவு, எங்கும் கிடைக்கும். சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டால் ஒரிஜினலா, டூப்ளிகேட்டா, எந்த விலையில் வேண்டும் என்பார்கள். பழசு போதுமென்றால் புதுப்பேட்டை. அங்கே கிரீஸ் அடிப்பதைப் பற்றி யார் யோசிப்பார்கள்? “மாத்திடலாம் சார்.” அதுதான் பதில். கொழும்பில் அதற்கு ஈடாக பஞ்சிகாவத்தை இருக்கிறது, உண்மை. ஆனால் கொழும்பில் இருப்பது யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்துக்கு வந்து சேர ஒருகாலத்தில் எத்தனை தடை.

தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளைப் பற்றி ஈப்போவில் பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் கோயில் பயணத்துக்கும் கல்யாணத்துக்கும் போய் வாடகைக் காரில் சுற்றிவிட்டு வந்தவர்கள் சொல்வது. டிரைவர் சொன்னது, டிரைவர் செய்தது. அந்த அளவில் எடுத்துக்கொண்டாலும், ரப்பரில் எண்ணெய் படக் கூடாது என்ற ஒழுங்கு அங்கே அவ்வளவு கறாராக இல்லை. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடிப்பாகத்துக்கு ஆயில் ஸ்ப்ரே அடிக்கும் வழக்கம் அங்கே பழையது. லீஃப் ஸ்பிரிங்குக்கு அது நல்லது. பக்கத்தில் இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்கும் சேர்த்துத்தான் அடிக்கிறார்கள். கிரீஸாகப் போனால் கேலி, ஸ்ப்ரேயாகப் போனால் சர்வீஸ்.

பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் இயற்கை ரப்பருக்குள் ஊறும். ரப்பர் உப்பும், இளகும், பிடிப்பை இழக்கும். சாதாரண லித்தியம் கிரீஸின் பெரும்பகுதி இந்த எண்ணெய்தான். இதைப் பேராக்கில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்று நட்ட மாநிலம் இது. (அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1876-இல், கியூ தோட்டத்துக் கன்றுகள் இலங்கைக்குப் போய்விட்டன என்பதையும் சொல்லாமல் விட மனமில்லை. கேரளத்தில் தோட்டமாக ரப்பர் பயிரானது 1902-இல்.) சுங்கை சிப்புட்டிலும் பாகான் செராயிலும் பால் வெட்டிய குடும்பங்களில், புகைக்கூடத்துக்குப் போகும் ஷீட்டில் எண்ணெய்க் கறை பட்டால் தரம் இறங்கும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். பால் பிடிக்கும் மங்கிலிருந்து ஒட்டுப்பாலைப் பிய்த்தெடுத்த அதே கைகள்தான் பிறகு ஒர்க்‌ஷாப்பில் புஷ்ஷுக்குக் கிரீஸ் தடவின என்பது விசித்திரம்.

இங்கே ஒரு கணக்கு நேராக வேண்டும். தைப்பிங் சாகாவின் புஷ்ஷில் அந்தக் களிம்பை அப்பியவர் சிலோன்காரர் அல்ல. பாகான் செராய்ப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டத்து டிராக்டரில் தொழில் பழகிய போர்மேன், பாட்டனுக்குச் சேலம். டிராக்டரில் தினமும் காலையில் நிப்பிள் நிப்பிளாகக் கிரீஸ் ஏற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். சேறு புகாமல் காப்பது அதுதான். அந்தக் கை காருக்கு வந்தபோது கிரீஸும் கூட வந்தது. 1885-இல் தைப்பிங்–போர்ட் வெல்ட் ரயில் ஓடத் தொடங்கிய காலத்திலிருந்து ரயில்வேக்கும் ஆஸ்பத்திரிக்கும் தோட்ட ஆபீசுக்கும் வந்தவர்கள் யாழ்ப்பாணத்தார்; கிராணியாக (எழுத்தராக) இருந்தவர் மைனர் வைத்திருந்தார். கார் அவருடையது, கை தோட்டத்தாருடையது. கோயம்புத்தூர்க்காரர் ‘சிலோன்காரங்க’ என்று விரல் நீட்டியது தன் மாநிலத்தின் மேலேயே.

அந்த ஒர்க்‌ஷாப்பில் சாகாவின் புஷ்ஷைக் கழற்றியபோது தெரிந்ததைச் சொல்ல வேண்டும். தகட்டை இறக்கியதும் ரப்பரின் ஓரம் உதடு பிதுங்கியதுபோல் வெளியே வந்திருந்தது. பிளவு விட்டிருந்த பக்கத்தில் விரல் வைத்தால் மை ஒட்டியது. கிரீஸ் எது, ரப்பர் எது என்று பிரிக்க முடியவில்லை. கம்பி ஓடிய துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகியிருந்தது. பக்கத்தில் கிடந்த இன்னொரு காரின் புஷ், எதுவும் தடவாமல் ஓடித் தேய்ந்தது, கெட்டியாகவே இருந்தது; ஆனால் மேற்பரப்பெல்லாம் குறுக்கும் நெடுக்குமாகப் பாளம் வெடித்திருந்தது, துளைக்குள் செம்மண் அப்பியிருந்தது. இரண்டையும் மாற்றத்தான் வேண்டும். ஆனாலும் முதல் காரின் கம்பியில் துரு இல்லை. இரண்டாவதில், தகட்டுக்கு உள்ளே, துரு கம்பியைக் கடித்திருந்தது. சிலோன் வழக்கத்துக்கு ஆதரவாக ஒரு சாட்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவுக்கும் ஒன்று கொடுத்தாக வேண்டும். ரப்பருக்கு ஒத்துப்போகும் எண்ணெய்களில் பழையது விளக்கெண்ணெய். பழைய பிரேக் திரவங்களில் அது இருந்தது. பிரேக் ரப்பருக்குத் தடவும் சிவப்புக் கிரீஸ் தாவர எண்ணெயில் ஆனது. உலகத்திலேயே ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில். மருந்து வீட்டிலேயே இருக்கிறது.

அப்படியானால் எத்தனை நாளுக்கு ஒருமுறை? கம்பெனி மாட்டி அனுப்பும் சாதாரண ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸ் கணக்கே கிடையாது. சர்வீஸுக்குத் தூக்கும்போதெல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பது, வெடிப்பும் ஆட்டமும் இருந்தால் மாற்றுவது, கிரீச்சிட்டால் சிலிக்கான் கிரீஸை மட்டும் மெல்லியதாகத் தடவுவது. பாலியூரித்தேன் புஷ் வேறு சாதி. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை ஏறுவதற்காக மைவி காருக்குத் தடித்த பார் மாட்டும் இளைஞர்கள் போடுவது அதைத்தான். அது ரப்பரைப்போல் முறுக்கிக்கொடுக்காது. கம்பி அதற்குள் வழுக்கியாக வேண்டும். மாட்டும்போதே தண்ணீருக்குக் கரையாத சிலிக்கான் கிரீஸ் வேண்டும்; பிறகு சத்தம் கேட்டால் உடனே, கேட்காவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துப் புதிதாக வைப்பது நல்லது. தைப்பிங் மழைக்கு அந்த ஒரு வருஷத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஈப்போ கல்குவாரிகளின் தூசிப் பக்கம் ஓடும் வண்டிக்கும் அப்படியே. தூசி சேர்ந்த கிரீஸ் உப்புத்தாள் மாதிரி அராவும்.

அட்டனிலிருந்து நுவரெலியா ஏறும் பாதையில் ஓடும் வேன்களுக்கும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வாடகைக் கார்களுக்கும் இந்த விதி ஒன்றுதான். மலையகத்து டிரைவர்கள் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்க்காமல் ஏற மாட்டார்கள் என்று அங்கே போய்வந்த ஈப்போக்காரர்கள் சொல்வதுண்டு. அந்த டிரைவர்களின் பூர்வீகமும் தமிழ்நாடுதானே என்று ஒரு கோயம்புத்தூர்க்காரர் கேட்கக்கூடும். கேட்கட்டும், எட்டிப் பார்க்கக் கற்றது இலங்கையில்.

2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை இலங்கை 2025 பிப்ரவரியில் மறுபடி திறந்தது. இப்போது வரும் சில புதிய மாடல்களில் புஷ்ஷைக் கம்பியோடேயே ஒட்டவைத்து அனுப்புகிறார்கள். அதற்குள் கிரீஸ் போக வழியில்லை. கெட்டால் பல நேரம் கம்பியோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். வரியும் சேர்ந்த விலையில் யாழ்ப்பாணத்துக் கராச்சுகள் அதை எப்படிச் சமாளிக்கும் என்பதற்கு ஈப்போவிலேயே ஒரு பாதி விடை இருக்கிறது: மெங்லெம்பு, பாலிம் பக்கத்து ஹாஃப்கட் கடைகளில், ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வந்த கார்களின் முன்பகுதிகளில், ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷோடு அப்படியே தொங்குகிறது. பேரம் பேசினால் விலை இறங்கும்.