பெட்டியா, விரலா?

ரேடியோவில் கண்ணாடி வால்வு இருந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பொறுமை உண்டு. குமிழைத் திருகியவுடன் பாட்டு வந்துவிடாது. உள்ளே இழை சிவந்து, பெட்டி சூடேறிய பிறகுதான் குரல் எழும். அந்தக் குரலில் ஒரு கதகதப்பு இருந்தது என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது வால்விலிருந்து வந்ததா, நம் இளமையிலிருந்து வந்ததா என்பது விசாரிக்க வேண்டிய விஷயந்தான்.

அமெரிக்க இசைத்தட்டு ரசிகர்களிடையேயும் இப்படி ஒரு வழக்கு உண்டு. அது பேஸ் கிதாரைப் பற்றியது. பாட்டின் அடியில் நான்கு தடித்த தந்திகளில் ஓடுகிற வாத்தியம் அது. அதன் உயர்ந்த நாதம் 1960-களின் வால்வு ஆம்ப்ளிஃபயரில்தான் பிறந்தது என்கிறார்கள். முதல் சாட்சியாக அவர்கள் நிறுத்துவது ஆம்பெக் கம்பெனியின் பி-15.

ஆம்பெக்கை நிறுவிய எவரெட் ஹல், ஆளுயர டபிள் பேஸ் வாசித்தவர். அந்த வாத்தியம் தரையில் ஊன்றி நிற்கும் முளைக்குள் ஒலிவாங்கியைப் பொருத்தினார். 'ஆம்ப்ளிஃபைட் பெக்' என்பதே ஆம்பெக் ஆயிற்று. ஜெஸ் ஆலிவர் வடிவமைத்த பி-15 வெளிவந்தது 1960-இல். 15 அங்குல ஒலிபெருக்கி ஒன்று, சுமார் 25 வாட் சக்தி, அவ்வளவுதான். ஹல்லுக்குக் கரகரப்பு பிடிக்காது. ஆனால் வால்வுக்கென்று ஒரு சுபாவம் உண்டு. சக்திக்கு மேல் வேலை வாங்கினால், டிரான்ஸிஸ்டரைப் போல ஒலியைச் சட்டென்று வெட்டிவிடாது. முனையை மெல்ல மழுக்கி, மேல் ஸ்வரங்களைக் கொஞ்சம் கலந்து கொடுக்கும். யந்திரத்தின் பலவீனம் அது. காதோ அதைக் கனம் என்று கொண்டாடுகிறது.

மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் கம்பெனி பழைய சினிமாக் கொட்டகை ஒன்றையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்டது. அங்கே 1967-இல் பதிவான 'ஸோல் மேன்' பாட்டைக் கேளுங்கள். பி-15-ஐ விரும்பிப் பயன்படுத்திய டொனால்ட் 'டக்' டன்னின் பேஸ், உருண்டையாக, நிதானமாக நடக்கிறது. அவர் சங்கதிகளை அள்ளி வீசுகிறவர் அல்லர். இதைவிடப் பெரிதான எஸ்.வி.டி. என்ற 300 வாட் யந்திரத்தை ஆம்பெக் 1969-இல் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கக் கச்சேரிகளில் அது முழங்கிற்று. 1970-இல் வெளிவந்த அவர்களுடைய கச்சேரி இசைத்தட்டில் பிரம்மாண்டம் இருக்கிறது. டன்னிடம் உள்ள அந்நியோன்னியம் இல்லை.

இனி டெட்ராய்ட். மோட்டவுன் கம்பெனியின் ஜேம்ஸ் ஜேமர்ஸன்தான் இந்த வழக்கின் நாயகர். ஃபோர் டாப்ஸ் குழு பாடிய 'பெர்னடெட்' (1967) பாட்டில், பாடகர் கதறக் கதற, அடியில் இவர் தனியாக இன்னொரு கதை சொல்லிக்கொண்டே போகிறார். பாட்டு முடிந்துவிட்டது போல நின்று, அவள் பெயரைக் கூவி மீண்டும் எழும் இடத்தில் நெஞ்சு ஒருகணம் தடுமாறுகிறது. வால்வு நாதத்துக்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும் என்பார்கள்.

அங்கேதான் வழக்கு கவிழ்கிறது. ஜேமர்ஸன் கிளப்புகளில் பி-15 வைத்துக்கொண்டது உண்மை. ஆனால் மோட்டவுன் கூடத்தில் அவருடைய கிதார் பெரும்பாலும் ஒலிப்பதிவு மேஜையுடன் நேரே இணைக்கப்பட்டது. நாம் மெச்சிய பெட்டி அங்கே வேலையே செய்யவில்லை! வேலை செய்தவை, அறுந்தாலன்றி மாற்றாத தடித்த வழவழப்பான தந்திகளும், அவற்றை மீட்டிய ஒற்றை ஆள்காட்டி விரலும்.

இதை வெறும் யந்திர நுணுக்கம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பல ஆண்டுகள் மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாத்தியக்காரர் பெயரே அச்சாகவில்லை. 1971-இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தபோதுதான் உறையில் ஜேமர்ஸனின் பெயர் ஏறியது. அவர் 1983-இல் காலமானார். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது 2000-இல். அன்று கம்பெனி அவர் பெயரை விட்டுவிட்டது. இன்று நாம் அவருடைய புகழை ஒரு மரப்பெட்டிக்கு எழுதிக் கொடுக்கிறோம். இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

வால்வு நல்ல வேலைக்காரன். அதை நான் மறுக்கவில்லை. டன்னின் வாசிப்புக்கு அது துணை நின்றது. ஆனாலும் 'பெர்னடெட்'டை இன்னொரு முறை போடுங்கள். கையகல ஒலிபெருக்கியில் வேண்டாம். அதில் பேஸே காணாமற் போய்விடும். நல்ல பெட்டியில் போட்டு, பாடகரை ஒருமுறை மறந்து, அடியில் ஓடுவதை மட்டும் கேளுங்கள். ஒரு மனிதனின் விரல் கேட்கும்.