ஆவியைச் சோதிப்பது யார்?

கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 12ஆம் அதிகாரத்தில் பவுல் ஆவியின் வரங்களை வரிசைப்படுத்துகிறார். குணமாக்கும் வரம் தனி. 'ஆவிகளைப் பகுத்தறிதல்' தனி. பகுத்தறிவு என்றாலே பெரியார் ஞாபகம் வருகிற நமக்கு, தமிழ் பைபிளில் இந்தச் சொல் கிடப்பது வேடிக்கையாக இருக்கும். சுகமளிக்கும் கூட்டங்களில் இதற்கு நேர்ந்திருப்பது வேடிக்கை இல்லை.

அங்கே பகுத்தறிகிறவர் மேடையில் நிற்கும் ஊழியக்காரர் ஒருவரே. பகுத்தறியப்படுவது நோயாளியின் உடம்பு. 'உன்னப் பிடிச்சிருக்கிறது இன்ன ஆவி' என்று அவர் சொன்னால் முடிந்தது. என்ன ஆவி? இசக்கி, மாடன், காட்டேரி, முனி. எல்லாம் நம்ம பாட்டன் பூட்டன் கும்பிட்டதுகள். பெருமாள் பிடித்து ஆடியதாக நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. சாதிக்குள்ள மேல்கீழ் பேய்க்கும் உண்டு போல.

பாமாவின் 'சங்கதி' (1994) இதை முன்னமே கேட்டுவிட்டது. பேய் ஏன் நம்ம பொம்பளைகளையே பிடிக்குது, மேல்சாதிப் பெண்களை ஏன் பிடிக்கிறதில்லை? காட்டு வேலை, வீட்டு வேலை, புருஷன் அடி என்று ஓயாத உடம்பையும் மனசையும் அந்த நாவல் காட்டுகிறது. மேடைக்குத் தெரியாத பகுத்தறிதல் இது.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பேயும் அடக்குமுறையின் குறியீடு என்று நம் விமர்சகர்கள் எழுதிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. எங்க சித்திக்கு வந்தது வலிப்பு. குறியீடு இல்ல, வியாதி. தாய்வழியில் வந்த ஆவி என்று கண்டுபிடித்த ஒரு ஊழியக்காரர், மாத்திரையை விடுவதுதான் விசுவாசம் என்றார். விட்டாள். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரும், உயிரே போகலாம். சித்தி செத்துப்போனாள். 'விசுவாசம் பத்தல' என்றார்கள் சபையில். சுகமானால் ஊழியக்காரருக்குப் பேர், செத்தால் செத்தவள் மேல் பழி.

இதே வியாதி மாற்கு 9இல் வருகிறது. நுரை தள்ளி, தீயிலும் தண்ணீரிலும் விழுகிற பையன். மாற்கு அதை ஊமை ஆவி என்கிறார். மத்தேயு 17இல் அவனே சந்திரரோகி. இயேசு அவன் தகப்பனிடம், இது எத்தனை காலமாய் இருக்கு என்று விசாரிக்கிறார். டாக்டர் கேட்கிற கேள்வி! யோவான் 9இல், பிறவிக் குருடனுக்கு யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்க, அவனும் இல்லை பெற்றோரும் இல்லை என்கிறார். தாய்வழி ஆவி தேடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

சோதிக்கப்பட வேண்டியவர் யார் என்பதிலும் பவுல் தெளிவாகவே இருக்கிறார். 14ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி பேச வேண்டும், மற்றவர்கள் அதை நிதானிக்க வேண்டும். அதாவது பாயில் உட்கார்ந்து கேட்கிற சனங்க. கத்தோலிக்கத் திருச்சபை 1999இல் வெளியிட்ட திருத்திய பேயோட்டும் சடங்குநூலும் எடுத்த எடுப்பில் பேய் என்று நம்பாதே, மருத்துவம் தெரிந்தவர்களைக் கேள் என்கிறது. நல்லதுதான். ஆனால் அங்கேயும் முடிவு சாமியார் கையில். நோயாளிக்கு வாய் கிடையாது.

கூட்டத்துக்குப் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் தள்ளி நின்றே சீட்டு எழுதுகிறவர்களைப் பார்த்த சனங்களுக்கு, தலையில் கை வைத்து ஜெபிக்கிறவர் பெரிசு. தொட்டதே பெரிசு. அதைத் தோழர்கள் லேசாக எடுக்கக் கூடாது. ஆனால் மேடையில் சாட்சி சொல்ல ஏற்றப்படுவது சுகமானவர்கள் மட்டும். மாத்திரையை விட்டு விழுந்தவர்களின் சாட்சியை, அவர்கள் வீட்டாராவது இந்த இதழுக்கு எழுதுங்கள்.